எந்த இடைவெளி, ஐயா?

"ஆற்றலில் கற்பனைப் பகுதி வந்தால் கணக்கு தப்பு" என்று சிவப்பு மையால் வெட்டும் வாத்தியார்கள் இன்னும் இருக்கிறார்கள். முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்த உரிமையில் சொல்கிறேன்: மையை வீணாக்காதீர்கள். ஆல்ஃபா சிதைவை விளக்க 1928-லேயே காமோவ் கலப்பெண் ஆற்றலைக் கையாண்டார். கற்பனைப் பகுதி, அந்த நிலை எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதன் அளவு. கசிவு உள்ள இடத்தில் அது வரத்தான் செய்யும்.

சிலிக்கானின் பட்டை இடைவெளி 1.1 எலக்ட்ரான் வோல்ட் என்று மனப்பாடம் செய்தோமே, அது சரிதான். அங்கே ஆற்றல்கள் ஒரே கோட்டில் நிற்கின்றன, நடுவில் காலியிடம். ஹெர்மீஷியன் அல்லாத அணிக்கோவையில் ஆற்றல்கள் கோட்டை விட்டுத் தளத்தில் பரவிவிடும். ஒரு கோடு கிழித்து அவற்றை இரண்டு கூட்டமாகப் பிரிக்க முடிந்தால் அது கோட்டு இடைவெளி, நம் பழைய இடைவெளியின் பங்காளி. ஒரு புள்ளியை மட்டும் ஆற்றல்கள் சூழ்ந்து நின்றால் அது புள்ளி இடைவெளி. பழைய பாடத்தில் இதற்கு உறவே கிடையாது.

ஹட்டானோவும் நெல்சனும் 1996-ல் கொடுத்த மாதிரியின் எளிய வடிவம் இது. நீண்ட வரிசை, துகள் வலப்பக்கம் தாவும் வலிமை 4, இடப்பக்கம் 1. வரிசையை வளையமாக்கினால் ஆற்றல்கள் சுழியத்தைச் சுற்றி நீள்வட்டமாக நிற்கும்: குறுக்கே −5 முதல் 5, நெடுக்கே −3 முதல் 3. சுழியம் காலி, ஆகவே இடைவெளி உண்டு. வளையத்தை ஓரிடத்தில் வெட்டுங்கள். நீள்வட்டம் போய், −4 முதல் 4 வரை வெறும் மெய்யெண் கோடு! இடைவெளியைக் காணோம்.

பிரகாரத்தில் கூட்டம் ஒரே திசையில் சுற்றினால் எங்கும் நெரியாது. அதே கூட்டத்தை முட்டுச்சந்தில் விட்டால் கடைசிச் சுவரில்தான் நெரியும். இங்கும் ஒவ்வோர் இடம் தள்ளியும் அலைவீச்சு இருமடங்காகி, எல்லா நிலைகளும் வலது முனையில் குவிகின்றன. 2018-ல் இதற்குத் 'தோல் விளைவு' என்று பெயர் வந்தது. 2020-ல் மின்சுற்றிலேயே செய்து காட்டினார்கள்.

அண்மையில் ஒரு கருத்தரங்கில் வளையத்துக்குப் போட்ட படத்தைக் காட்டிக்கொண்டே, முனை திறந்த வரிசையைப் பற்றிப் பேசினார் ஒருவர். எழுந்து கேட்டேன். "சின்ன விஷயம்தானே சார்" என்றார். இடைவெளியே காணாமல் போவது சின்ன விஷயமா? புள்ளியா கோடா, முனை மூடியதா திறந்ததா என்று சொல்லாமல் 'இடைவெளி' என்று பேசுவது, ஊர் பெயர் சொல்லாமல் டிக்கெட் கேட்பது மாதிரி.

"குவாண்டம் இயற்பியல் கவிழ்ந்தது" என்று தலைப்புப் போடுகிற கோஷ்டி வேறு. ஒன்றும் கவிழவில்லை. சுற்றுப்புறத்தையும் சேர்த்து எடுத்தால் மொத்தமும் ஹெர்மீஷியன்தான். வீட்டுக் கணக்கு நோட்டில் பணம் குறைந்துகொண்டே போகும். கடைக்காரர் நோட்டையும் பக்கத்தில் வைத்தால் தொகை சரியாக இருக்கும்.