எல்லை தாண்டாத சலுகை

“ஏனுங்க, வாரங்கல்லுல சேர்த்தா எவ்வளவுங்க குறைப்பாங்க?” கலந்தாய்வுக் காலத்தில் திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியிலோ லாரியிலோ பாதி இந்தியாவைப் பார்த்தவராக இருப்பார். பிள்ளைக்கு வாரங்கல் என்.ஐ.டி.யில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. சேலம் அரசுப் பொறியியல் கல்லூரியிலும் கிடைக்கலாம். எது கட்டுப்படியாகும்?

அமெரிக்காவில் ஒரு மாநிலத்துப் பொதுப் பல்கலைக்கழகம் வெளிமாநிலப் பிள்ளையிடம் கூடுதல் கட்டணம் கேட்கும். நல்ல மதிப்பெண் வைத்திருப்பவரை இழுக்க, அதில் ஒரு பகுதியை உதவித்தொகையாகக் கழித்துக்கொள்ளும். நம் என்.ஐ.டி.களில் அப்படி இல்லை. வாரங்கலாக இருந்தாலும் திருச்சியாக இருந்தாலும் பி.டெக். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1.25 லட்சம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குள் என்றால் அது முழுவதும் தள்ளுபடி. 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. கையிலிருந்து கட்ட வேண்டியது ஏறத்தாழ 41,700 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் கல்விக் கட்டணம் கிடையாது. 1.25 லட்சம் என்ற எண்ணைப் பார்த்ததுமே பயந்து விலகிய குடும்பங்கள் பல. இந்தத் தள்ளுபடி அவர்கள் காதுக்கு எட்டியதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

ஆனால் விடுதி, சாப்பாடு, ரயில் செலவு இந்தத் தள்ளுபடிக்குள் வராது. அங்கேதான் மாநில அரசின் உதவி வேண்டும். அங்கேதான் கதை மாறுகிறது. தமிழ்நாட்டில் கலந்தாய்வு வழியாகச் சேரும் முதல் பட்டதாரிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவர் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அருமையான திட்டங்கள். ஆனால் அதே பிள்ளை தேசிய அளவில் போட்டியிட்டு வாரங்கலுக்கோ கோழிக்கோட்டுக்கோ போனால் முதல் பட்டதாரிச் சலுகை கூட வராது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கப்போகும் பிள்ளைதானே அதுவும்? ஓசூரைத் தாண்டியதும் அந்தத் தகுதி எங்கே போயிற்று?

எல்லை தாண்டும் உதவிகளும் இருக்கின்றன. பட்டியல் சாதி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை, பிள்ளை வேறு மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலமே கொடுக்கிறது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு நம் அரசு ஆண்டுக்கு 2 லட்சம் வரை தரும் திட்டமும் உண்டு. ஆக, பணத்தை எல்லைக்கு அப்பால் அனுப்ப அரசுக்குத் தெரியும். முதல் பட்டதாரிச் சலுகையையும் அந்த வழியில் அனுப்ப வேண்டும். இதை நான் கோரிக்கையாகவே எழுதுகிறேன்.

மதிப்பெண்ணுக்கென்றே தருவதில் மத்திய அரசின் உதவித்தொகை ஒன்று இருக்கிறது. பிளஸ் டூவில் தன் பாடப்பிரிவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானமும் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் முதல் மூன்று ஆண்டுகள் 12,000, நான்காம் ஆண்டு 20,000. தொகை சிறியது, ஆனாலும் எந்த மாநிலத்தில் படித்தாலும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். தனியார் பல்கலைக்கழகங்கள் நீட்டும் ‘பாதிக் கட்டணம்’ கடிதங்களிலும் இப்படி ஒரு நிபந்தனை பெரும்பாலும் இருக்கும், இதைவிடக் கடுமையாக. முதல் ஆண்டுத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டாம் ஆண்டு எத்தனை சி.ஜி.பி.ஏ. கேட்கிறார்கள், ஒரு பாடம் அரியர் விழுந்தால் என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். பல உதவித்தொகைகள் கட்டணம் கட்டிய பிறகே வங்கிக்கு வருகின்றன என்பதால் முதல் தவணைக்குக் கைப்பணமோ வங்கிக் கடனோ தயாராக இருக்க வேண்டும்.

பெண் பிள்ளை என்றால் இந்தக் கணக்கெல்லாம் சரியாக வந்த பிறகும் “தூரமுங்க” என்ற ஒரு சொல் வந்து நிற்கிறது. கேரளா எக்ஸ்பிரஸ் சேலம் ஜங்ஷனில் நின்று வாரங்கல்லுக்கும் போகிறது. அந்த ஊர்ச் சாலைகளை மனப்பாடமாக அறிந்த அப்பாவே தூரம் என்று சொல்லும்போது எனக்குப் பொறுக்கவில்லை. ரேங்க் வாங்கியது அவள். முடிவெடுக்கும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

இன்னொன்று அவசரம். என்.ஐ.டி. கலந்தாய்வு முந்தியே தொடங்கிவிடும். அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வு பிந்தி வரும். உள்ளூரில் என்ன கிடைக்கும் என்று தெரியும் முன்பே வெளியூர் இடத்துக்குப் பணம் கட்டும்படி ஆகும். அந்த நேரத்தில் சான்றிதழுக்கு அலைய முடியாது. வருமானச் சான்றிதழுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழ் சேரும் ஆண்டின் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். மாநிலச் சாதிச் சான்றிதழை அதற்குப் பதிலாகக் காட்ட முடியாது.