அடுக்களைச் சொல்லே ஆய்வகச் சொல்

காஞ்சி மாவட்டத்துத் தென்னேரியில் விரிந்து கிடக்கும் பேரேரியைத் திரையன் ஏரி என்றே முன்னோர் வழங்கினர் என்பர். அவ்வேரியில் ஒரு குவளை நீர் முகந்து, குடிக்கத் தக்கதா என்றறிய ஆய்வகத்திற்கு விடுத்தால், விடை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வரும். நீர் ஊராருடையது, குடிக்கும் வயிறும் ஊராருடையது, விடை மட்டும் ஊராருக்கு விளங்காதது! ஏனென்று வினவினால், "அறிவியலுக்குத் தமிழில் சொல் ஏது?" என்பர் ஆங்கிலங் கற்றோர். அக்கூற்றின் வெறுமையை அவ்வாய்வுக்குரிய ஒரு பொருளைக் கொண்டே காட்டலாம்.

நுண்ணுயிரிகளை இனம் பிரித்தறிய அவற்றைத் தட்டில் வளர்த்தல் வேண்டும். செருமானிய அறிஞர் இராபர்ட்டு கோக்கு முதலில் உருளைக்கிழங்குத் துண்டிலும், பின்னர் விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுத்த ஊன்பசையிலும் வளர்த்தார். ஊன்பசையோ உடற்சூடாகிய 37 பாகையில் உருகி ஓடிற்று. 1881-இல், அவரிடம் பணியாற்றிய வால்தர் எசே என்பாரின் மனைவி பேன்னி, தம் அடுக்களையில் பழக்கூழ் இறுகுவதற்கு இட்டுவந்த கடற்பாசிப் பொருளை எடுத்துக் காட்டினார். அஃது ஏறத்தாழ 85 பாகையில்தான் உருகும்; 40 பாகையளவிற்கு ஆறினாலன்றி இறுகாது; பெரும்பாலான நுண்ணுயிரிகளால் அதனைத் தின்று கரைக்கவும் இயலாது. ஓர் இலிட்டர் நீருக்கு 15 கிராம் போதும். அதனோடு ஊட்டப்பொருளும் பித்த உப்பும் பாலின் இனிப்பும் செஞ்சாயமும் சேர்ப்பின், குடல்வாழ் கோலுயிரி செந்நிறப் புள்ளிகளாய் வளரும். குடற்காய்ச்சல் நுண்ணுயிரியோ நிறமின்றி நிற்கும்.

இப்பொருளை ஆங்கிலேயர் 'அகர்' என்பர். அது மலாய் மக்களின் அடுக்களைச் சொல். அதனைக் கடன்பெற ஆங்கிலேயர் நாணவில்லை. தமிழர்க்கோ கடன் வாங்கவும் தேவையில்லை. நோன்புக் காலத்தில் தமிழ் முசுலீம் இல்லங்களில் காய்ச்சி இறுக்கும் கடற்பாசி இதுவே. மண்டபம், பாம்பன், இராமேசுவரம் கரைகளில் விரலில் துணி சுற்றிக்கொண்டு, கடலில் மூழ்கிப் பாசி பறிக்கும் பெண்கள் மரிக்கொழுந்து என்றும் கஞ்சிப்பாசி என்றும் பிரித்தே வழங்குகின்றனர். மரிக்கொழுந்தின் கூழ் உறுதியாய் இறுகும். கஞ்சிப்பாசியின் கூழ் நெகிழ்ந்து நிற்கும். இவ்விரு பாசியையும் காய்ச்சி வடிக்கும் ஆலைகளும் தமிழ்நாட்டிலேயே உள்ளன. பொருளும் உண்டு, சொல்லும் உண்டு, எடுத்தாள்வார்தாம் இலர்.

தனித்தமிழ் அன்பர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. எவர் வாயிலும் நுழையாச் சொல்லை அறைக்குள் அமர்ந்து புனையுமுன், கரையில் நிற்கும் பெண்களையும் அடுக்களையில் நிற்கும் தாயரையும் கேட்டல் வேண்டும். கடற்பாசிக்கூழ், வளர்களம், நுண்ணுயிரி என்பவற்றைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். கண்டறிந்தோர் பெயர்கள் அவ்வாறே நிற்கட்டும். அவற்றால் தமிழ் குறைவுபடாது.

"கடற்பாசிக்கூழ் வளர்களத்தில் குடல்வாழ் நுண்ணுயிரி வளர்ந்தது, நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க" என்று ஆய்வுத்தாளில் இரண்டு வரி தமிழில் இருப்பின், தென்னேரித் தாயொருத்தி அன்றே அடுப்பை மூட்டுவாள். அவ்விரு வரியைக் கேட்டுப் பெறுதல் ஊரார் உரிமை. எழுதித் தருதல் கற்றோர் கடன்.