நான்கு பேஸ், இரண்டு அம்பயர்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் டெப்ட்ஃபோர்ட் என்றோர் ஊர். அங்கே சிறுவர் பேஸ்பால் லீக்கை நடத்துபவர்கள் 2023இல் ஒரு விதியைக் கொண்டுவந்தார்கள். நடுவரோடு சண்டைக்குப் போகும் பெற்றோர் மறுபடி மைதானத்துக்குள் வரவேண்டுமானால், முதலில் மூன்று ஆட்டங்களுக்குத் தாங்களே நடுவராக நிற்க வேண்டும். வசவு தாங்காமல் நடுவர்கள் இருவர் விலகிப்போன பிறகு வந்த விதி அது. செய்தி நாடு முழுக்கப் பரவியது, படித்தவர்கள் ரசித்தார்கள்.

ரசிக்கலாம்தான். ஆனால் பின்னணியில் இருக்கும் கணக்கு வேடிக்கையானதல்ல. அமெரிக்கப் பள்ளி விளையாட்டுகளை ஒருங்கிணைக்கும் தேசியக் கூட்டமைப்பு சொல்வதன்படி, 2018-19 பருவத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் எல்லா விளையாட்டுகளிலுமாகச் சுமார் 50,000 நடுவர்கள் வேலையை விட்டுவிட்டார்கள். கொரோனா ஒரு காரணம். ஆனால் அதற்கு முன்பே, 2017இல், நடுவர்களின் தேசியச் சங்கம் தன் துறையினர் 17,000க்கும் மேற்பட்டோரிடம் கருத்துக் கேட்டது. மைதானப் பண்பு கெட்டுக்கொண்டே வருகிறது என்றவர்கள் 57 சதவீதம். ஏதோ ஒரு சமயத்தில் தங்கள் பாதுகாப்பை நினைத்துப் பயந்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்.

பெற்றோருக்கு நாகரிகம் போதாது என்று இதை முடித்துவிடுவது சுலபம். அந்தக் கோபத்துக்குத் தீனி போடுவது எது என்பதுதான் கேள்வி. தொலைக்காட்சியில் பார்க்கும் துல்லியத்தை மக்கள் ஊர் மைதானத்திலும் எதிர்பார்க்கிறார்கள். அந்தத் துல்லியத்துக்காக மேல்மட்ட ஆட்டங்களுக்குக் கொடுக்கப்படும் ஆளும் கருவியும் கீழ்மட்டத்துக்கு வருவதே இல்லை. பள்ளி, கல்லூரி அம்பயரின் அன்றாடத் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு நடுவர் என்றால் பந்துவீசும் முனையில் நிதானமாக நிற்பவர். முறையிட்டால் விரலைத் தூக்குவார் அல்லது தலையை ஆட்டுவார். பேஸ்பாலில் பிளேட் அம்பயருக்கு அந்த ஓய்வு கிடையாது. கேட்சரின் முதுகுக்குப் பின்னால் குனிந்து, கேட்சருக்கும் பேட்டருக்கும் நடுவே கிடைக்கும் சந்தில் தலையை வைத்து, பேட்டர் அடிக்காமல் விட்ட ஒவ்வொரு பந்துக்கும் எல்லைக்குள் வந்ததா (ஸ்ட்ரைக்), வெளியே போனதா (பால்) என்று யாரும் கேட்காமலேயே தீர்ப்புச் சொல்ல வேண்டும். பந்துவீசும் பிட்சர் நிற்கும் பலகையிலிருந்து பேட்டர் நிற்கும் இடத்திலுள்ள ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். மணிக்கு 90 மைல் வேகத்தில் வீசினால் பந்து வந்துசேர ஏறக்குறைய 0.4 விநாடி. பிளேட்டின் அகலம் 17 அங்குலம். எல்லையின் உயரமோ பேட்டருக்குப் பேட்டர் மாறும். போதாக்குறைக்கு, வெளியே போகும் பந்தை வாங்கிய கையோடு மெல்ல உள்ளே இழுத்து ஸ்ட்ரைக் போலக் காட்டுவதற்கென்றே பயிற்சி எடுத்த கேட்சர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். மூத்த அம்பயர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம், பொறு என்பதுதான். பந்து கையுறைக்குள் போகும்வரை கண் தொடரட்டும், அப்புறம் வாய் திறக்கட்டும்.

இருந்தும், ஸ்ட்ரைக்கா பாலா என்பது இந்த வேலையின் சுலபமான பாதி என்றே சொல்வேன். அதற்காவது ஓர் ஆள் முழுதாக இருக்கிறார்.

அமெரிக்கப் பெரிய லீக்கில் ஓர் ஆட்டத்துக்கு நான்கு அம்பயர்கள், பேஸுக்கு ஒருவர். முதல்நிலைக் கல்லூரி ஆட்டங்களில் மூவரோ நால்வரோ இருப்பார்கள். அதற்குக் கீழே, பள்ளிகளிலும் சிறிய கல்லூரிகளிலும், பெரும்பாலும் இரண்டே பேர். ஆள் வராத நாளில் ஒருவர்.

இரண்டு பேர் என்றால் என்ன ஆகும்? முதல் பேஸில் ரன்னர் இருக்கிறார். பேஸ் அம்பயர் பிட்சருக்கும் இரண்டாம் பேஸுக்கும் இடையே, மைதானத்தின் உள்ளே நிற்கிறார். பந்து தரையோடு உருண்டு, இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிடம் போகிறது; ஒரே பந்தில் இருவரை அவுட்டாக்கும் டபுள் பிளே. இரண்டாம் பேஸில் பந்து முன்னா, கால் முன்னா என்று பார்க்க வேண்டும். பந்தை வாங்கியவரின் கால் பேஸில் பட்டதா என்று பார்க்க வேண்டும். பள்ளி, கல்லூரி விதிகளின்படி ஓடி வருபவர் சறுக்கினால் நேராக பேஸை நோக்கித்தான் சறுக்க வேண்டும். எறிபவரின் காலை வாரினால் பேட்டரும் சேர்ந்து அவுட். அதற்குள் பந்து முதல் பேஸுக்குப் பறந்துவிட்டது. பேஸ் அம்பயர் உடலைத் திருப்பி, தூரத்திலிருந்து, அடுத்த தீர்ப்பைச் சொல்ல வேண்டும். முதல் பேஸில் நெருங்கிய தீர்ப்புக்கு அம்பயர்கள் கண்ணையும் காதையும் பங்கு பிரிப்பார்கள்: கண் பேஸில் படும் காலைப் பார்க்கும், காது கையுறையில் பந்து விழும் ஓசையைக் கேட்கும். பெற்றோர் கூவும்போது அந்தக் காதும் போய்விடுகிறது. சறுக்கலைப் பார்க்கும் பொறுப்பைப் பிளேட் அம்பயர் ஓரளவு ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் மூன்றாம் பேஸில் இன்னொரு ரன்னர் இருந்தால் அவர் ஹோம் பிளேட்டை விட்டு நகர முடியாது.

அம்பயர் முதுகைக் காட்டும் தருணம் பார்த்து மூன்றாம் பேஸைத் தொடாமலே குறுக்கே ஓடும் ரன்னர்கள் உண்டு. இரண்டு பேர் மட்டும் நிற்கும் ஆட்டங்களில் அது பழைய வித்தை. பார்வையாளர் பகுதியிலிருக்கும் நூறு பேருக்கும் தெரிந்த தவறு, தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஒருவருக்கு மட்டும் தெரியாமல் போவது இப்படித்தான். தெரியாததை ஊகித்து அவுட் கொடுக்கக் கூடாது என்பதும் அவர் கற்ற பாடம்தான். கூச்சல் போடுபவர்களுக்கு அது தெரியாது.

விதிப்புத்தகம் ஒன்றல்ல, மூன்று. பள்ளிக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று, பெரியவர்களின் வார இறுதி லீக்குகள் பெரும்பாலும் பின்பற்றும் தொழில்முறை விதி ஒன்று. பிட்சர் ரன்னரை ஏமாற்றும் முறையற்ற அசைவுக்கு பால்க் என்று பெயர். பள்ளி விதியில் பால்க் என்று அறிவித்த அந்தக் கணமே பந்து செத்துவிடும். தொழில்முறை விதியில் ஆட்டம் ஓடலாம். அடி நன்றாக அமைந்து எல்லோரும் ஒரு பேஸாவது முன்னேறினால் அதுவே நிற்கும். காலையில் பள்ளி ஆட்டம், மாலையில் பெரியவர்கள் ஆட்டம் என்று போகும் அம்பயர், வண்டி ஓட்டும்போதே மண்டைக்குள் புத்தகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பயிற்சியாளர்களில் பலர் தொலைக்காட்சியில் கற்ற விதியை வைத்துக்கொண்டு வாதாட வருவார்கள்.

2001இல் ஈஎஸ்பிஎன் தன் ஒளிபரப்பில் ஸ்ட்ரைக் எல்லையைப் பெட்டியாக வரைந்து காட்டத் தொடங்கியது. அந்தப் பெட்டியைப் பார்த்தே வளர்ந்த தலைமுறை இன்று பெற்றோராக வேலிக்குப் பின்னால், பக்கவாட்டில், கைபேசியோடு நிற்கிறது. உண்மையில் ஸ்ட்ரைக் எல்லை பிளேட்டின் மேல் நிற்கும் கனவடிவம். சாய்ந்த கோணத்தில் எடுத்த காணொளியில் அது தெரியவே தெரியாது. பெரிய லீக் தரவுகளை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். மூன்று பால் ஆகி ஸ்ட்ரைக் எதுவும் இல்லாதபோது அம்பயரின் ஸ்ட்ரைக் எல்லை விரிகிறது; இரண்டு ஸ்ட்ரைக் ஆகி பால் எதுவும் இல்லாதபோது சுருங்குகிறது. உலகின் மிகச் சிறந்த அம்பயர்களின் நிலையே இது.

அம்பயர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்று நான் சொல்லவில்லை. 2023 மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழகமும் மிஸிஸிப்பி வேலி ஸ்டேட்டும் ஆடிய ஆட்டத்தில், முந்தைய தீர்ப்புக்கு முகம் சுளித்த பேட்டருக்கு, வெகுதூரம் விலகிப் போன அடுத்த பந்தை மூன்றாம் ஸ்ட்ரைக் என்று அறிவித்து ஆட்டத்தையே முடித்துவிட்டார் ஓர் அம்பயர். கல்லூரி அணிகளின் கூட்டமைப்பான கான்ஃபரன்ஸ் அவரைக் காலவரையின்றி இடைநீக்கம் செய்தது. செய்தது சரி. கண் தவறினால் பொறுக்கலாம். ஸ்ட்ரைக் எல்லையைப் பிரம்பாக எடுத்தால் பொறுக்க முடியாது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. இந்தத் தொழிலில் அனுபவம் குறைந்தவருக்குத்தான் பாதுகாப்பும் குறைவு. முதல்நிலைக் கல்லூரி அம்பயருக்கு உடை மாற்ற அறை உண்டு, மைதான நிர்வாகி உண்டு, உடன் நிற்க இன்னும் இருவராவது உண்டு. சிறுவர் லீக்கில் முதல் பருவம் நடுவராக நிற்க வரும் புதியவருக்கும் பெற்றோருக்கும் நடுவே ஒரு கம்பிவலைதான். 2019 ஜூனில் கொலராடோவின் லேக்வுட்டில் ஏழு வயதுப் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தில் பெரியவர்கள் மைதானத்துக்குள் புகுந்து அடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பிடிக்காத தீர்ப்புகளைச் சொன்ன அம்பயருக்கு வயது 13. கல்லூரி ஆட்டத்துக்கு வேண்டிய அம்பயர்கள் பத்தாண்டு கழித்து இப்படிப்பட்ட மைதானங்களிலிருந்துதான் வரவேண்டும்.

கொஞ்சம் மேலே ஏறியவருக்கும் வேறு சிக்கல். யாருக்கு எந்த ஆட்டம் என்று பங்கிட ஒருவர் இருப்பார். பயிற்சியாளர்கள் அம்பயரை மதிப்பிட்டு அனுப்பும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. இன்று வெளியேற்றப்பட வேண்டிய பயிற்சியாளரின் மதிப்பெண்ணில்தான் அடுத்த பருவத்தின் ஆட்டங்கள் இருக்கின்றன என்றால் எத்தனை பேர் துணிவார்கள்?

தொழில்நுட்பம் வந்துவிட்டதே என்பார்கள். தென்கொரிய லீக் 2024 முதல் ஸ்ட்ரைக் தீர்ப்பைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டது. அமெரிக்கப் பெரிய லீக் 2026 முதல் கருவியிடம் மேல்முறையீடு செய்ய வழிவிட்டிருக்கிறது. நல்லது. அந்தக் கருவிகள் கிராமப்புறப் பள்ளி மைதானத்துக்கு இப்போதைக்கு வரப்போவதில்லை. வந்தாலும் மூன்றாம் பேஸில் கால் பட்டதா என்று பார்க்க ஆள் வேண்டும். புதிய ஸ்கோர்போர்டுக்குச் செலவழிக்கும் பள்ளி, முதலில் மூன்றாவது அம்பயரின் கூலியைக் கொடுக்கட்டும். புதியவர் நிற்கும் ஆட்டத்தில் அனுபவசாலி ஒருவர் வேலிக்கு உள்ளே நிற்கட்டும்.

காசில்லாமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பள்ளி ஆட்டம் தொடங்குமுன் இரு பயிற்சியாளர்களும் ஹோம் பிளேட்டில் அம்பயரைச் சந்திப்பார்கள். உங்கள் வீரர்களின் மட்டையும் கவசமும் விதிப்படி உள்ளனவா என்று அம்பயர் கேட்பார்; ஆம் என்று பொறுப்பேற்க வேண்டியது பயிற்சியாளர். அதே மூச்சில் தம் அணிப் பெற்றோரின் நடத்தைக்கும் அவரையே பொறுப்பாக்கலாம்: எச்சரித்தும் அடங்காதவர் வெளியேற்றப்பட்டால் அவரோடு பயிற்சியாளரும் கிளம்ப வேண்டும். பயிற்சியாளர்கள் இதைக் கடுமையாக எதிர்ப்பார்கள். பெற்றோரின் வாயில் மாட்டிக்கொண்டு வேலையிழந்தவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள். தங்களால் அடக்க முடியாத கூட்டம் அது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.