எண்ணப்படாத பாட்டில்

எங்கள் கல்லூரியில் சில மாதங்களுக்கு முன் ஒரு பட்டிமன்றம். 'பொதுமக்களுக்குத் துப்பாக்கி விற்பதைத் தடை செய்தால் வன்முறை குறையுமா, குறையாதா?' என்று தலைப்பு. மாணவிகள் அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றியெல்லாம் படித்துத் தயாராகி வந்திருந்தார்கள். நடுவர் நாற்காலியில் நான். இரு அணியும் பேசி முடித்தபோது பார்வையாளர் வரிசையிலிருந்து இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"மேம், நம்ம ஊர்ல துப்பாக்கிய யாரு பாத்துருக்கா? நமக்குப் பயம் வேற ஒண்ணு. அதப் பத்தி ஏன் யாரும் பேசல?"

"எது?" என்றேன்.

"ஆசிட்."

அரங்கம் அமைதியாகிவிட்டது. 2012இல் அவள் சிறுபிள்ளையாக இருந்திருப்பாள். ஆனாலும் காரைக்காலில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கதை தெரியும். மகள் 'முடியாது' என்று சொல்லப் பழகும் வயதில் அம்மாக்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லும் கதை அது.

அன்று நான் தீர்ப்பு ஏதோ சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வினோதினி எங்கள் ஊர்ப் பெண். 23 வயதுப் பொறியாளர். சென்னையில் வேலை பார்த்துவந்தாள். 2012 தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவள், மறுநாள் நவம்பர் 14 இரவு சென்னைக்குப் பேருந்து ஏற அப்பாவோடு நடந்துபோகையில் அவள் மீது ஆசிட் வீசப்பட்டது. வீசியவன் குடும்பத்துக்குப் பழக்கமானவன். அவன் கேட்டதற்கு அவள் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான். அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவளுடைய இரண்டு கண்களும் போயின. 90 நாட்கள் உயிரோடு போராடிவிட்டு, 2013 பிப்ரவரி 12 அன்று சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் இறந்துபோனாள். அவள் சாவதற்கு ஒன்பது நாள் முன்னால்தான், டெல்லி நிர்பயா வழக்குக்குப் பின் வந்த அவசரச் சட்டம், ஆசிட் வீச்சைத் தனிக் குற்றமாக அறிவித்தது. வீசியவனுக்கு அந்த ஆண்டு ஆகஸ்டில் காரைக்கால் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

நீதி கிடைத்துவிட்டது என்று அன்று பலர் சொன்னார்கள். நான் கேட்பது வேறு. அந்தக் கையில் அந்தப் பாட்டில் எப்படி வந்தது என்று நம் ஊர் எத்தனை நாள் கேட்டது?

பட்டிமன்றம் முடிந்த வாரத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். தலத்தெருவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு கடை. "கழிவறை கழுவ ஆசிட் வேணும்" என்றேன். கடைக்காரர் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவைத்தார். லேபிள் இல்லை. பழைய குளிர்பான பாட்டில், மூடியில் பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தது. என் பெயர் கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. "இதவிட ஸ்ட்ராங்கா வேணுமாக்கா?" என்று மட்டும் கேட்டார். ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிடும் காசுதான் ஆனது. அடுத்த ஞாயிறு தெருவில் மொபெட் வண்டிக்காரர் வழக்கம்போல 'பினாயில், ஆசிட்' என்று கூவிக்கொண்டே போனார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

கேட்க வேண்டியவர்கள் யார் என்பது எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. சிறுமியாக இருந்தபோது டெல்லியில் ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி, 2006இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2013 ஜூலை 18 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது: ஆசிட் விற்பவர் பதிவேடு வைக்க வேண்டும். வாங்குபவர் அரசு அடையாள அட்டை காட்டி, எதற்காக என்று சொல்ல வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது. இருப்பை 15 நாட்களுக்குள் உட்கோட்ட நடுவரிடம் தெரிவிக்க வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிட் வீச்சு வழக்குகள் இன்னமும் பதிவாகின்றன. 2022 டிசம்பரில் டெல்லியில் 17 வயதுப் பள்ளி மாணவி மீது வீசப்பட்ட ஆசிட் இணைய அங்காடி வழியாக வாங்கப்பட்டது என்று காவல்துறையே சொன்னது. பதிவேடும் அடையாள அட்டையும் காகிதத்திலேயே நின்றுவிட்டன.

"இவ்வளவு சின்ன விற்பனையை எல்லாம் அரசு எப்படிக் கண்காணிக்கும்?" என்று கேட்பார்கள். வேறு ஊரில் கேட்டால் பதில் தேட வேண்டியிருக்கும். காரைக்காலில் தேட வேண்டியதில்லை. நாலு பக்கமும் தமிழ்நாடும் கடலும் சூழ்ந்த சிறு துண்டு நம் ஊர். இங்கே மது விலை குறைவு. அதனால் வாஞ்சூரிலும் நண்டலாற்றிலும் எல்லையைக் கடக்கும் வண்டிகளை நிறுத்தி, சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பாட்டிலைத் தேடுகிறார்கள். மதுக்கடைக்கு உரிமம் உண்டு, இருப்புக் கணக்கு உண்டு, கலால் அதிகாரி உண்டு. பாட்டிலை எண்ணத் தெரியாத அரசு அல்ல இது. வரி வரும் பாட்டிலை எண்ணுகிறது, பெண்ணின் முகத்தை அழிக்கும் பாட்டிலை எண்ணுவதில்லை.

இதனால்தான் பதிவேடு போதாது என்கிறேன். செறிவான ஆசிட்டைச் சில்லறையில் விற்பதையே முற்றாகத் தடை செய்ய வேண்டும். பேட்டரிக் கடை, நகைப் பட்டறை, ஆய்வகம், தொழிற்சாலை ஆகியவற்றுக்குத் தேவை உண்டு. அவை உரிமம் பெற்று வாங்கட்டும், கணக்குக் காட்டட்டும். வீட்டுக்கு அது தேவையில்லை. 'வீட்டுத் தேவை' என்று சொல்கிறார்களே, அந்த வீட்டில் கழிவறை கழுவுவது யார்? மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணெரிய, கைத்தோல் உரிய அதைக் கொட்டித் தேய்ப்பது நாமும், நாம் வேலைக்கு வைத்திருக்கும் இன்னொரு பெண்ணும்தான். நீர்த்த, பாதுகாப்பான கழுவுபொருட்கள் எல்லாக் கடைகளிலும் வந்துவிட்டன. நம் தேவையைச் சாக்காக வைத்து நம் முகத்தைப் பணயம் வைக்க வேண்டாம்.

இனி மறுப்புகள். பட்டிமன்றத்தில் எதிரணி சொன்ன வாதம்தான் இங்கேயும் வரும்: துப்பாக்கி கொல்வதில்லை, மனிதன்தான் கொல்கிறான். ஆசிட் இல்லையென்றால் அரிவாள், அரிவாள் இல்லையென்றால் பெட்ரோல்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தவற்றைப் பாருங்கள். இலங்கையில் 1995இல் தற்கொலைச் சாவுகள் லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தன. பூச்சிமருந்து குடித்துச் செத்தவர்களே அதிகம். அந்த ஆண்டிலிருந்து கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து நீக்கினார்கள். பத்தாண்டில் சாவு பாதியாகக் குறைந்தது. மனித மனமோ வறுமையோ குடும்பச் சண்டையோ அந்தப் பத்தாண்டில் மாறிவிடவில்லை. போரும்கூட முடிந்திருக்கவில்லை. விஷம் குடித்து மருத்துவமனைக்கு வந்தவர்களும் குறைந்துவிடவில்லை. வந்தவர்கள் பிழைத்தார்கள். மாறியது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த பொருள் மட்டும்தான்.

துப்பாக்கிக்கே வருவோம். ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 1996 ஏப்ரலில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அரசு பலவகைத் துப்பாக்கிகளைத் தடை செய்து, ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவற்றை விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. அங்கே துப்பாக்கிச் சாவுகள் அதற்கு முன்பிருந்தே குறைந்துவந்தன என்பது உண்மை. தடையின் பங்கு எவ்வளவு என்று இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் அப்படிப்பட்ட கூட்டுக்கொலைகள் மிக அரிதாகிவிட்டன என்பதில் வாதம் இல்லை.

ஆசிட்டுக்கே எடுத்துக்காட்டு பக்கத்து நாட்டில் இருக்கிறது. வங்கதேசத்தில் 2002இல் ஏறத்தாழ 500 ஆசிட் வீச்சுகள் நடந்தன. அதே ஆண்டு இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று தண்டனைக்கு, மற்றொன்று ஆசிட் விற்பதையும் வாங்குவதையும் உரிமத்துக்குள் கொண்டுவருவதற்கு. பெண்கள் அமைப்புகளும் பிழைத்த பெண்களும் தெருவில் இறங்கி அவற்றைக் கண்காணித்தார்கள். பத்தாண்டில் எண்ணிக்கை 100க்கும் கீழே இறங்கியது. தண்டனை, விற்பனைக் கட்டுப்பாடு, பெண்களின் கண்காணிப்பு மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. தடை ஒன்றே செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். தடை இல்லாமல் நடந்திருக்காது என்று சொல்வேன்.

அரிவாளும் ஆசிட்டும் ஒன்றல்ல என்பதையும் பார்க்க வேண்டும். அரிவாளோடு தெருவில் நடப்பவனை ஊர் பார்க்கும். ஆசிட் பாட்டிலோடு நடப்பவன் கழிவறை கழுவப் போகிறவன். அரிவாளுக்கு நெருங்க வேண்டும், பலம் வேண்டும். ஆசிட்டுக்கு எதுவும் வேண்டாம். 'எனக்கில்லாத முகம் எவனுக்கும் வேண்டாம்' என்று நினைக்கிறவன் தேடி எடுக்கும் ஆயுதம் அது. அதை அகற்றினால் எல்லா வன்முறையும் ஒழியும் என்று நான் நம்பவில்லை. வீட்டுக்குள் வெறுங்கையால் நடக்கும் அடிக்கு எந்தக் கடையையும் மூட முடியாது. ஆனால் ஒரு கொடுமையையாவது குறைக்க வழி இருக்கும்போது, எல்லாக் கொடுமையையும் ஒழிக்கவில்லையே என்று அதைத் தள்ளுவது யாருக்கு உதவும்?

'மனம் திருந்த வேண்டும்' என்போருக்குத் தமிழ் ஆசிரியையாக ஒன்று சொல்கிறேன். இப்படி ஒரு குற்றம் நடந்தால் 'ஒருதலைக் காதல்' என்று செய்தி போடுகிறார்கள். ஒருதலை விருப்பத்துக்குத் தொல்காப்பியம் கைக்கிளை என்று தனிப்பெயர் வைத்து, அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியது. மறுக்கப்பட்டவன் மடலேறுவதாக மிரட்டும் மரபும் நம்மிடம் உண்டு. அதுவும் மிரட்டல்தான், பழி அவள் மேல்தான் விழும். ஆனால் பனைமடலின் கருக்கு கிழித்தது அவன் உடலை. இன்று அவன் அவள் உடலைக் கிழிக்கிறான், நாம் இன்னும் அதைக் காதல் என்றே எழுதுகிறோம். மனம் திருந்தட்டும், அதற்காகத்தான் நான் வகுப்பெடுக்கிறேன். அதற்குத் தலைமுறைகள் ஆகும். கடையின் கீழ்த்தட்டைக் காலி செய்ய ஒரு வாரம் போதும்.

ஆனிமாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் வீசி அம்மையாரைக் கொண்டாடும் ஊர் இது. தன் அழகையும் தசையையும் உதறிப் பேயுருவம் கேட்டுப் பெற்றவள் புனிதவதி. அவளை வணங்குகிறோம், ஏனென்றால் அவள் கேட்டாள். தன் உடல் எப்படி இருக்க வேண்டும் என்று தானே முடிவு செய்தாள். வினோதினி கேட்கவில்லை. காரைக்கால் பெண்ணின் முகம் அவளுடையது என்ற அந்தப் பழைய உரிமையைத்தான் நானும் கேட்கிறேன்.

இப்போது அந்த மாணவிக்கு. அம்மா, உன் கேள்வியோடு நிறுத்திவிடாதே. நாலைந்து பேராகச் சேர்ந்து உங்கள் தெருக் கடைக்குப் போங்கள். ஆசிட் விற்கிறார்களா என்று பாருங்கள், விற்றால் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதுங்கள்: 2013 உத்தரவுக்குப் பின் காரைக்காலில் எத்தனை கடைகள் இருப்பைத் தெரிவித்தன, எத்தனை சோதனைகள் நடந்தன, எத்தனை பேருக்கு அபராதம்? மனுவை எழுத நான் உதவுகிறேன். பதில் வந்ததும் அதை வைத்து இன்னொரு பட்டிமன்றம் நடத்துவோம். அதில் நான் நடுவராக உட்கார மாட்டேன், உன் அணியில் பேசுவேன்.