நிலக்காவலுக்கு நாயைப் பழக்குதல்

செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னனாகிய மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பெற்றது அது. வீரனுக்கருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயரென்றும், அது கள்ளனைக் கடித்துக் காத்திருந்ததென்றும் கல்லெழுத்துக் கூறுகின்றது. கடித்தது பெரிதன்று, எந்த நாயும் கடிக்கும். காத்திருந்ததே பெரிது. பெயரிட்டு அழைத்துப் பழக்கிய நாயன்றிப் பிறிது அவ்வாறு நில்லாது.

அந்நடுகல் நிற்கும் நாட்டிலேயே இன்று நாய் வளர்ப்போர் பலர், பழக்குவோர் சிலர். குட்டியை ஓராண்டு கம்பத்தில் கட்டிவைத்துப் பின்னர் ஒரு நாளிரவு, மணிலாக் கொல்லையில் பன்றி புகுந்த ஓசை கேட்டவுடன் அவிழ்த்துவிடுகின்றனர். அது காட்டுக்குள் ஓடி விடியற்காலையில் திரும்புகின்றது. திரும்பியதும் கழியால் அடி விழுகின்றது. நாயோ, ஓடியதற்காக அடிபட்டதாக அறியாது; வந்ததற்காக அடிபட்டதாகவே எண்ணும். மறுமுறை அழைத்தால் அது வாராமையில் வியப்பென்ன?

இஃது இக்காலத்தில் சிறு பிழையாக முடிவதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டு விலங்குகளைத் துரத்துவதையும் வேட்டை என்னும் சொல்லுக்குள் அடக்கியுள்ளது. முயலையோ மானையோ நாய் காட்டுக்குள் துரத்திச் செல்லின் உடையவனுக்கு வழக்கு வரலாம். பன்றியை நெருங்கின் அதன் கோரைப்பல்லால் நாய்க்கே வயிறு கிழியும். ஆகலின், வரப்பைத் தாண்டாது நின்று குரைத்து ஆட்களை எழுப்புவதே நாயின் கடமை. விளக்கும் ஓசையும் கொண்டு பன்றியை அகற்றுவது மனிதர் கடமை.

இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி முதலிய நாய்களை மிகுந்த விலை கொடுத்து வாங்குவோரும் இதனைக் கருதவேண்டும். இவை வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாய்ப் பேணப்பட்டவை. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணாற் கண்டு துரத்துவன. முயலுக்கும் அண்டைவீட்டு ஆட்டுக்குட்டிக்கும் உள்ள வேற்றுமை அவற்றுக்குக் கற்பிக்கப்படாவிடில் தாமே அறியா. சாதிக்குக் கொடுக்கும் பணத்தில் பத்திலொரு பங்கு சிரத்தையைப் பழக்குதலில் செலுத்துவோர் அரியர்.

குட்டி தாயிடம் எட்டு வாரமேனும் இருத்தல் வேண்டும். வந்த நாள் முதல் அதற்கு ஒரே பெயர். அழைக்க ஒரே சொல். நிறுத்த ஒரே சொல். தகப்பன் 'வா' என்றும், மகன் சீழ்க்கையடித்தும், வேலையாள் வேறொரு குரலிலும் அழைப்பின் நாய்க்கு மூன்றும் வெற்றோசையே. அழைத்து வந்தபோதெல்லாம் ஒரு கவளம் உணவோ தடவுதலோ கிட்டவேண்டும். எத்தனை நேரங் கழித்து வரினும் அடி கூடாது. நீண்ட தாம்புக்கயிற்றில் கட்டி நாள்தோறும் காலையும் மாலையும் கொல்லையின் நான்கு வரப்பையும் சுற்றி வரவேண்டும். வரப்பைத் தாண்ட முற்படுங்கால் நிறுத்தும் சொல்லைக் கூறிக் கயிற்றை மெல்லப் பற்றி, நின்றவுடன் பரிசு கொடுக்கவேண்டும். ஒரு வேளைக்குப் பத்து நிமிஷம் போதும். அதற்கு மேல் குட்டியின் மனம் செல்லாது. ஆடு, கோழி, பள்ளிப்பிள்ளைகள் ஆகியவற்றின் நடுவே கயிற்றோடு நடத்திச் செல்வதும் இளமையிலேயே தொடங்கவேண்டும். ஒரு வாரம் செய்து ஒரு வாரம் விடுவது, செய்யாதிருப்பதினும் கேடு. விட்ட வாரத்தில் ஒரு முறை முயலைத் துரத்திய இன்பத்தை அந்நாய் மறவாது. கயிறின்றியும் பலநாள் சொல்லுக்கு நின்ற பின்னரே இரவில் அவிழ்த்துவிடலாம்.

மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். கிராம அதிகாரிகள் ஆடு கடித்த வழக்கைப் பஞ்சாயத்தில் தீர்ப்பதற்கு முன் ஊசியையும் கயிற்றையும் பற்றி வினவுவாராயின் பெரும்பாலான வழக்குகள் எழா. தை மாதத்தில் வாங்கிய குட்டி, ஆடிப்பட்டத்து மணிலா காய்பிடிக்கும் புரட்டாசியில் வரப்பின்மேல் நிற்கத் தகுந்ததாகிவிடும்.