நீரறிந்து இரையிடல்

சிறு மீனைப் போட்டுப் பெரு மீனைப் பிடிப்பது என்பது நம்மவர் நாவிற் பழகிய ஒரு மொழி. அச் சிறு மீன் உயிருள்ளதாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் ‘பாஸ்’ என்னும் பெருவாய் மீனைத் தூண்டிலிற் பிடிப்போர், மரத்தாலும் உலோகத்தாலும் செய்த பொய்யிரையைக் கொண்டே அதனை ஏமாற்றுகின்றனர். அக் கலையின் அடிப்படையை நாம் சற்று ஆராய்வோம். மாணவர்கள் கற்கத்தக்கது ஒன்று அதில் உண்டு.

பாஸ் மீன் எல்லா நீரிலும் ஒரே உணவை உண்பதில்லை. கற்கள் நிறைந்த நீரிலே நன்னீர்ச் சிங்கிறால் அதற்கு விருப்பமான உணவு. ஆகவே, அங்கே கபிலமும் செம்மையும் கலந்த பொய்யிரையை அடித்தளத்தை ஒட்டி இழுப்பர். பரந்த நீர்த்தேக்கங்களிலே கூட்டமாகத் திரியும் ‘ஷாட்’ மீன்களை அது துரத்தும். அங்கே வெள்ளிபோல் மின்னும் இரை வேண்டும். களை அடர்ந்த நீரிலே ‘புளூகில்’ என்னும் தட்டையான சிறு மீனின் வடிவமும், அல்லியிலை படர்ந்த இடத்திலே நீர்மேல் தத்திச் செல்லும் தவளை வடிவமும் பயன்படும். நீர் கலங்கியிருப்பின் கண்ணின் உதவி குறையும். அப்போது உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டினால் அதிர்வை உணர்ந்தே மீன் இரையை அறிகிறது. ஆதலால், அதிர்வு மிகுந்த இரையே அங்கு ஏற்றது.

நிறத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பாஸ் மீனின் கண்ணிலே சிவப்பையும் பச்சையையும் உணரும் இருவகைக் கூம்புக் கலங்களே உள்ளன. நீலத்தைக் கறுப்பிலிருந்து பிரித்தறிவது அதற்கு அரிது என்று இலினோய் பல்கலைக்கழக ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. கடையிலே நம் கண்ணைக் கவரும் வண்ணம் மீனின் கண்ணைக் கவரும் என்பதற்கு உறுதியில்லை.

பின்லாந்து நாட்டு மீனவர் லௌரி ரப்பாலா இவ்வுண்மையைத் தம் ஊர் ஏரியிலேயே கற்றவர். கூட்டத்திலே நேராக நீந்தும் மீன்களை விட்டு, தள்ளாடி நீந்தும் ஒன்றையே வேட்டைமீன் தாக்குவதை அவர் அவதானித்தார். 1936இல் தக்கையைச் செருப்புத் தைப்போரின் கத்தியாற் செதுக்கி, சொக்கலேற்றுச் சுற்றிய ஈயத்தாளைப் போர்த்தி, உருக்கிய புகைப்படச் சுருளைப் பூசி, அத் தள்ளாட்டத்தையே ஒரு பொய்யிரையிற் கொண்டுவந்தார். அவரது மூலதனம் பொறுமையான பார்வை ஒன்றே எனலாம்.

எது எதனை உண்கிறது என்னும் இவ்வறிவைப் புறக்கணித்தால் விளைவது யாது? யப்பானைப் பார்ப்போம். 1925இல் பாஸ் மீன் அங்கு கொண்டுசெல்லப்பட்டது. 1960இல் அமெரிக்கா சென்ற முடிக்குரிய இளவரசர் அகிஹித்தோவுக்குப் புளூகில் மீன்கள் அன்பளிப்பாகக் கிடைத்தன. உணவுக்கு உதவும் என்னும் நல்லெண்ணத்துடன் அவர் அவற்றை ஆய்வுக்கு அளித்தார். காலப்போக்கில் இவ்விரு மீன்களும் பீவா வாவியிற் பெருகி, அவ்வாவிக்கே உரிய மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்டன. 2009இல் அங்கு பிடிபட்ட பாஸ் மீன் ஒன்று, 1932இல் ஜோர்ஜியாவிற் பிடிபட்ட 22 இறாத்தல் 4 அவுன்சு மீனுக்கு இணையான உலக சாதனையாயிற்று. அதனைப் பிடிக்க இட்ட இரையோ, உயிருள்ள புளூகில்! வந்தேறி மீன் வந்தேறி மீனை உண்டு கொழுத்த கதை இது. 2007இல், பேரரசராயிருந்த அகிஹித்தோ, தாம் கொண்டுவந்த மீனால் விளைந்த கேட்டுக்குத் தம் மனவருத்தத்தை வெளியிட்டார்.

நம் இல்லங்களிலே கண்ணாடித் தொட்டியில் அயல்நாட்டு மீன் வளர்க்கும் சிறுவர் பலர். வளர்ப்பதிற் சலிப்புற்றால், இரக்கத்தினால் அதனை ஊர்க் குளத்தில் விட எண்ணுவர். பெற்றோர் அதனைத் தடுத்தல் வேண்டும். ஒரு மீனுக்குக் காட்டும் அவ்விரக்கம் குளத்து மீன்களுக்கெல்லாம் கேடாய் முடியலாம். அக் குளத்தில் எது எதனை உண்டு வாழ்கிறது என்பதைக் கரையிலிருந்து பார்த்துக் குறித்து வரும்படி அச் சிறுவரை ஊக்குவித்தல் இதனினும் நன்று.