ஊர் கூடி இழுத்த தேர்

"ஒரு கதை எழுத ஒரு ஆள் போதாதா? எதுக்கு எட்டுப் பேர்?"

ஷேர்டு வேர்ல்ட் தொகுப்புகளைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். விஷயம் ரொம்ப எளிது. ஒரே ஒரு கற்பனை ஊர். அதன் தெரு, ராஜா, சாமி, சாராயக்கடை எல்லாம் பொது. பல எழுத்தாளர்கள் ஆளுக்கொரு சிறுகதையை அங்கே நடத்துவார்கள். ஒருவர் படைத்த பாத்திரம் அடுத்தவர் கதையிலும் வந்து போகும். அவ்வளவுதான்.

ஆனால் தங்களைத் தீவிர வாசகர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் இதைக் 'கம்பெனி சரக்கு' என்று இரண்டே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். இலக்கியம் என்றால் தனி ஒருவனின் தவமாம். கூட்டம் சேர்ந்தால் தரம் போய்விடுமாம். இது சுத்த ஜல்லி. தரம் ஏன் வருகிறது, ஏன் போகிறது என்ற இரண்டுக்கும் ஒரே ஊரில் சாட்சி இருக்கிறது. அந்த ஊரின் பெயர் சாங்ச்சுவரி.

1978ல் பாஸ்டன் நகரத்து விஞ்ஞானக் கதை மாநாட்டையொட்டி, ஒரு சாப்பாட்டு மேஜையில் பிறந்த ஊர் அது. மேஜையில் இருந்தவர்கள் ராபர்ட் ஆஸ்ப்ரின், லின் ஆபி, கார்டன் டிக்சன். மாயாஜாலக் கதை எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் ஒரு புது உலகத்தை அஸ்திவாரத்திலிருந்து கட்ட வேண்டியிருக்கிறதே என்ற புலம்பலில் பேச்சு ஆரம்பித்தது. ஒன்றைக் கட்டிப் பொதுவில் வைத்தால் என்ன என்பதில் முடிந்தது. 1979ல் ஆஸ்ப்ரின் தொகுத்த 'தீவ்ஸ் வேர்ல்ட்' வெளிவந்தது. பேரரசின் ஒரு மூலையில் கிடக்கும் அழுக்கு ஊர், அதில் திருடர்கள், கூலிக் கொலையாளிகள், மந்திரவாதிகள். எழுதியவர்களோ போல் ஆண்டர்சன், ஜான் ப்ரன்னர், ஜோ ஹால்ட்மேன் என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவர்கள். வேலை கிடைக்காமல் வந்து சேர்ந்த கூட்டம் இல்லை.

அவர்களுக்குள் ஒரு விதி இருந்தது. அடுத்தவர் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கேட்காமல் கொல்லக் கூடாது, ஆளை அடியோடு மாற்றவும் கூடாது. இந்தச் சின்ன விதி என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். மாரியன் ஜிம்மர் பிராட்லி முதல் தொகுதியில் லிதாண்டே என்ற மந்திரவாதியைப் படைத்தார். 1981ல் வந்த மூன்றாம் தொகுதியில் வோண்டா மெக்கின்டயர் அதே லிதாண்டேயைத் தன் கதைக்கு அழைத்துக்கொண்டார். 1986ல் பிராட்லி தன் லிதாண்டே கதைகளைத் தனிப் புத்தகமாகப் போட்டபோது, மெக்கின்டயரின் கதையையும் அதில் சேர்த்தார். இரவல் கொடுத்த பொருள் வட்டியோடு திரும்பி வந்தது!

தனி ஒருவர் எழுதும் ஊர் எவ்வளவு பெரிதானாலும் ஒரு மண்டைக்குள் அடங்கிய ஊர்தான். சாங்ச்சுவரி அப்படி இல்லை. ஒரு கதையின் நாயகன் அடுத்த கதையில் மூலையில் குடித்துக்கொண்டிருக்கும் யாரோ. இன்னொரு கதையில் அவனே வில்லன். நிஜத் தெருவும் இப்படித்தானே? தன் வீட்டில் கதாநாயகனாக இருப்பவர் எதிர்வீட்டுக்காரருக்குக் கடன் பாக்கி வைத்த ஆசாமி. ஒரு பேனாவால் இதை நடிக்க முடியும். எட்டுப் பேனாக்களுக்கு நடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்படியானால் 12 தொகுதிகளோடு 1989ல் அது ஏன் நின்றது? எழுதியவர்கள் அதிகமானதாலா? கணக்கு நேர் எதிராக இருக்கிறது. ஜேனட் மோரிஸ் இரண்டாம் தொகுதியில் டெம்பஸ் என்ற போர்வீரனைக் கொண்டுவந்தார். புயல் தெய்வத்தின் ஆள், எந்தக் காயமும் ஆறிவிடும், சாவு கிடையாது. தனியாகப் படித்தால் நல்ல பாத்திரம்தான். ஆனால் சாகாத ஆள் நடமாடும் தெருவில் பிக்பாக்கெட்காரனுக்கு என்ன வேலை? போகப்போகக் கதைகளில் தெய்வங்களும் சூனியக்காரிகளும் பெருத்தார்கள், பணப்பை திருடர்கள் ஓரமானார்கள். 1986ல் வந்த எட்டாம் தொகுதியை எழுதியவர்கள் மூன்றே பேர்: ஆபி, மோரிஸ், சி.ஜே. செர்ரி. ஊர் கூடி இழுத்த தேரை மூன்று பேர் இழுத்தார்கள். கை கூடியதால் கெடவில்லை, கை குறைந்ததால் கெட்டது.

இதே வடிவத்தை ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் 1987ல் 'வைல்ட் கார்ட்ஸ்' வரிசையில் எடுத்தார். 1946ல் நியூயார்க் மேல் வேற்றுக்கிரக வைரஸ் பரவுகிறது. தொற்றியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சாக, ஒன்பது பேர் உருக்குலைய, ஒருவருக்கு மட்டும் அபூர்வ சக்தி. இங்கே ஒப்பந்தம் இன்னும் தெளிவு. பாத்திரம் படைத்தவருக்கே சொந்தம், அடுத்தவர் எடுத்தாண்டால் படைத்தவருக்கும் வருமானத்தில் பங்கு. அதனால் தன் ஆளைப் பெட்டிக்குள் பூட்டிவைக்கும் ஆசை யாருக்கும் வராது. இரவல் போனால்தானே லாபம்! பதிப்பகங்கள் மாறின, இடையில் பல வருடம் புதுத் தொகுதியே வரவில்லை, சுமாரான கதைகளும் நிறைய உண்டு. ஆனாலும் முப்பதுக்கு மேற்பட்ட தொகுதிகளைத் தாண்டிவிட்டது.

அந்த முதல் தொகுதியில் ரோஜர் ஸெலாஸ்னி க்ராய்ட் என்று ஒருவனைப் படைத்தார். ஒவ்வொரு முறை தூங்கி எழும்போதும் வேறு உடம்போடு எழுவான். தூங்கவே பயப்படுவான். ஸெலாஸ்னி 1995ல் இறந்துபோனார். க்ராய்ட் மட்டும் மற்றவர்கள் பேனாவில் தூங்கி எழுந்துகொண்டே இருக்கிறான். 2024ல் அவனைச் சுற்றியே ஒரு முழுத் தொகுதி வந்தது.

பி.காம் முதல் வருடப் பாடம் ஒன்று உண்டு. கம்பெனியில் பங்குதாரர் செத்தாலும் கம்பெனி சாகாது. 'கம்பெனி சரக்கு' என்று திட்டுகிறவர்கள் தெரியாமலே சரியான வார்த்தையைத்தான் பிடித்திருக்கிறார்கள். தனி ஒருவனின் தவத்தில் பிறந்த எத்தனையோ பாத்திரங்கள் அவனோடு கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டன. க்ராய்டுக்கு நாளைக் காலையும் வேறு ஒரு உடம்பு காத்திருக்கிறது.